பால் கொடுக்கிற வரை கரு தங்காது என்கிறார்களே, நம்பலாமா?

கேள்வி: 12 ஜூன் 2023, மாலை

தலைப்பிரசவம் முடிந்து அம்மா வீட்டில் இருக்கிறேன். பிள்ளைக்கு நாலு மாதம். அடுத்த மாதம் அவர் வந்து அழைத்துப் போகிறார். எனக்கு இன்னும் தூரம் வரவில்லை. "பிள்ளை பால் குடிக்கிற வரைக்கும் ஒண்ணும் தங்காது, பயப்படாதே" என்கிறார் அம்மா. மாமியாரும் போனில் அதையேதான் சொன்னார். பகலெல்லாம் தாய்ப்பால்தான். நான் கொஞ்சம் தூங்கட்டும் என்று ராத்திரி மட்டும் அம்மா பவுடர் பால் கொடுக்கிறார். நம்பி இருக்கலாமா? ஒரு பிள்ளைதான் என்பதால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பேச்சே இல்லை. வேறு என்ன இருக்கிறது, யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

12 ஜூன் 2023, இரவு 10.40

நம்பி இருக்காதீர்கள். அம்மா சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் அதற்கு மூன்று கட்டுப்பாடு உண்டு. பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது. தூரம் திரும்பியிருக்கக் கூடாது. பகலும் இரவும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், நடுவில் நீண்ட இடைவெளி விடக் கூடாது. மூன்றும் சரியாக இருந்தால் அந்த ஆறு மாதத்தில் நூறு பேரில் இரண்டு பேருக்குத்தான் கரு தங்கும். மூன்றில் ஒன்று போனாலும் அந்தக் கணக்கு செல்லாது. உங்களுக்கு ராத்திரிப் பவுடர் பாலிலேயே அது போய்விட்டது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2012இல் மூத்தவன் பிறந்தான். ஐந்தாம் மாதமே கேழ்வரகுக் கூழ் ஆரம்பித்துவிட்டோம். பால் கொடுக்கிறோமே, ஒன்றும் ஆகாது என்று நானும் இருந்தேன். அவனுக்கு எட்டு மாதம் இருக்கும்போது ஒரு மதியம் மாரில் வாய் வைத்தான், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடி வைத்தேன். கையால் தள்ளினான், உதட்டைப் பிதுக்கி அழுதான். திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நீ முழுகாம இருக்கியா?" என்று கேட்டார். இருந்தேன். எனக்குத் தெரியாது. பிரசவத்துக்கு அப்புறம் தூரமே வராததால் சந்தேகம் வரக் காரணமும் இல்லை.

இரண்டு பிள்ளைக்கும் பதினாறு மாதம்தான் வித்தியாசம். அடுத்தது வந்து தாய்ப்பால் இல்லாமல் மூத்தவன் சவலை பாய்ந்துபோனான். கை கால் குச்சி, வயிறு மட்டும் முன்னால். இதற்கென்று நம் மொழியில் ஒரு சொல்லே இருக்கிறது என்றால் எத்தனை வீட்டில் நடந்திருக்க வேண்டும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

13 ஜூன் 2023, காலை

நேற்று எழுதியதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவில்லை. "தூரம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது புரிந்துகொண்டால் ஆபத்து. கருமுட்டை முதலில் வருகிறது, தூரம் அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் வருகிறது. முதல் முட்டையிலேயே கரு பிடித்துவிட்டால் தூரம் என்ற ஒன்றைப் பார்க்காமலே அடுத்த பிரசவம்வரை போகலாம். எனக்கு நடந்தது அதுதான். பால் கொடுக்காத தாய்க்கு நாலாவது வாரத்திலேயே முட்டை வரக்கூடும்.

15 ஜூன் 2023

யாரிடம் கேட்பது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம். பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட அதே நர்சம்மாதான். என் பெரியம்மா நாகப்பட்டினம் பக்கத்தில் முப்பது வருடம் அந்த வேலை பார்த்து 2016இல் ஓய்வு பெற்றவர். இங்கே நான் எழுதுவதில் பாதி அவரிடம் கேட்டது.

பால் கொடுக்கிறவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும் கருத்தடை முறைகள்:

சாயா மாத்திரை. இதில் ஹார்மோன் இல்லை. லக்னோவில் இருக்கும் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்தது. நம் நாட்டு மருந்து. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. பால் குறையாது. மறப்பதுதான் இதில் கஷ்டம். தினமும் போடும் மாத்திரையைவிட வாரம் ஒருமுறை போடுவதுதான் மறந்துபோகும் என்பார் பெரியம்மா. தேதி கிழிக்கும் காலண்டரில் புதன், ஞாயிறு தாள்களின் மூலையை மடித்துவைக்கச் சொல்வாராம். காலையில் தாளைக் கிழிக்கும்போது மடிப்பு கையில் தட்டுப்படும், எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

அந்தரா ஊசி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பிரசவமாகி ஆறு வாரம் கழித்துப் போடலாம். தூரம் தாறுமாறாகும், சிலருக்கு நின்றேபோகும். அதைப் பார்த்துப் பயந்து விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், அதனால் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். ஊசியை நிறுத்தியதும் உடனே கரு தங்காது. கடைசி ஊசியிலிருந்து ஏழு முதல் பத்து மாதம்கூட ஆகும். அடுத்த வருடமே இரண்டாவது வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

காப்பர் டி. கர்ப்பப்பைக்குள் வைக்கும் சின்னக் கருவி. பிரசவத்தில் நஞ்சுக்கொடி விழுந்து பத்து நிமிடத்துக்குள் அல்லது 48 மணி நேரத்துக்குள் வைக்கலாம். அதைத் தாண்டிவிட்டால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். ஒரு வகை ஐந்து வருடம் இருக்கும், இன்னொன்று பத்து வருடம். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டியது நிறைய இருக்கிறது.

மாலா-என் போன்ற வழக்கமான மாத்திரை இப்போது உங்களுக்கு வேண்டாம். பால் கொடுக்கிறவர்கள் ஆறு மாதம் கழித்துத்தான்.

ஆணுறை எப்போதும் உண்டு. பெரியம்மா அந்தப் பெட்டியை மேசையில் வைக்காமல் வெளிவாசல் ஜன்னல் திண்டில் வைத்திருந்தாராம். கேட்டு வாங்க ஒருத்தர்கூட வரமாட்டார்கள், ஆனால் வாரக் கடைசியில் பெட்டி காலியாக இருக்குமாம்.

15 ஜூன் 2023, பத்து நிமிடம் கழித்து

அந்தரா போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, ஒத்தடமும் கூடாது. மருந்து சீக்கிரம் கரைந்துபோகும்.

22 ஜூன் 2023

"அரசு ஆஸ்பத்திரியில் கேட்காமலே காப்பர் டி வைத்துவிடுகிறார்கள், பயமாக இருக்கிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கே அப்படி வைத்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை, இப்போது அங்கே வேலை செய்கிறவர்கள் வேறு ஆட்கள்.

மகள் பிறந்து ஒன்றரை மாதம். முதல் தடுப்பூசிக்குத் தூக்கிப்போனேன், புதன்கிழமை. நல்ல கூட்டம். நர்சம்மா அட்டையோடு சேர்த்து டிஸ்சார்ஜ் சீட்டையும் வாங்கிப் பார்த்தார். "காப்பர் டி போட்டிருக்கே, செக்கப்புக்கு ஏம்மா வரல?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாருக்கு என்று கேட்டேன். "உனக்குத்தான்" என்று சீட்டைத் திருப்பிக் காட்டினார். பச்சை மையில், மூலையில், ஆங்கிலத்தில் ஐந்தாறு எழுத்து. அவ்வளவுதான்.

வீடு வரைக்கும் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தே வந்தேன். ஊசி போட்ட பிள்ளை தோளில் அழுகிறது. எனக்கு அடிவயிற்றில் ஏதோ உறுத்துகிற மாதிரியே இருந்தது. அதற்கு முந்தைய நாள்வரை உறுத்தியதே இல்லை. வந்ததும் கணவரிடம் கேட்டேன். நான் உள்ளே வலியில் இருந்தபோது நாலைந்து தாளில் கையெழுத்து வாங்கினார்களாம், அதில் ஏதோ ஒன்றாக இருக்கும் என்றார். அவருக்கும் தெரியவில்லை, யாரும் படித்துக் காட்டவில்லை.

மாமியார் உடனே எடுத்துவிடச் சொன்னார். மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடுமாம். பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். கர்ப்பப்பைக்கும் நெஞ்சுக்கும் வழி கிடையாது என்று முதலில் சொன்னார். அப்புறம் ஒரு நிமிடம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "உன்னைக் கேட்காம வெச்சது தப்புடி. அது வேற. இப்ப அது உனக்கு வேணுமா வேண்டாமானு நீ சொல்லு" என்றார். இந்த விஷயத்தில் என்னிடம் கேள்வி என்று ஒன்றைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். ராத்திரி முழுக்க யோசித்தேன். கைப்பிள்ளை இரண்டு, அதில் ஒன்று சவலை. இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

முதல் மூன்று மாதம் தூரம் வந்தால் ரத்தப்போக்கு அதிகம், இடுப்பு கழன்றுபோகும். அப்புறம் சரியாகிவிட்டது. ஆறு வருடம் இருந்தது. 2020இல் எடுத்தேன், இரண்டு நிமிட வேலை.

24 ஜூன் 2023

"நல்லதுதானே நடந்தது, பிறகு என்ன கோபம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானே என்னிடம் பல தடவை கேட்டுக்கொண்ட கேள்வி இது. எனக்கு நல்லதுதான் நடந்தது.

எங்கள் தெருவில் இன்னொரு பெண். அவளுக்கும் அதே மாதிரி வைத்திருந்தார்கள், அவளுக்கும் தெரியாது. அவள் டிஸ்சார்ஜ் சீட்டை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. எட்டு மாதம் ரத்தப்போக்கு நிற்கவே இல்லை. உடம்புச் சூடு என்றார்கள், பலவீனம் என்றார்கள். வெந்தயம், வாழைப்பூ, இரும்புச்சத்து மாத்திரை என்று எல்லாம் ஆகி, கடைசியில் தனியார் ஸ்கேன் சென்டரில் தெரிந்தது. உள்ளே ஒன்று இருக்கிறது என்று தெரிந்திருந்தால் முதல் மாதமே போய்க் கேட்டிருப்பாள். நான் கோபப்படுவது இதற்குத்தான். சொல்லாமல் செய்தால், கோளாறு வரும்போது அந்தப் பெண்ணால் அதையும் இதையும் முடிச்சுப்போட முடியாது. வெளியே நழுவி விழுந்துவிட்டாலும் தெரியாது. பிரசவத்தோடு வைப்பது நழுவுவதற்கு வாய்ப்பு கொஞ்சம் அதிகம்.

இன்னொன்று. பிரசவ வலியில் இருப்பவளிடம் இதைக் கேட்பதும் கேட்காததும் ஒன்றுதான். அந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் "சரி" என்றுதான் வரும். கர்ப்பமாக இருக்கும்போது மாதாமாதம் செக்கப்புக்கு வருகிறோம், எடை பார்க்கிறார்கள், ரத்தம் பார்க்கிறார்கள். அந்த ஏழெட்டு மாதத்தில் ஒருநாள் உட்கார வைத்துக் கேட்கலாமே.

2 ஜூலை 2023

ஆபரேஷன் பற்றிக் கேட்டவர்களுக்கு. பிரசவமாகி ஏழு நாளுக்குள் செய்யலாம், சிசேரியன் என்றால் அதோடேயே செய்வார்கள். விதி என்ன சொல்கிறது என்பதை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். திருமணமான பெண்ணுக்கு 22 வயது ஆகியிருக்க வேண்டும், ஒரு பிள்ளையாவது ஒரு வயதைத் தாண்டியிருக்க வேண்டும். புரியும் மொழியில் விளக்கி அவளுடைய சம்மதத்தை வாங்க வேண்டும். கணவன் கையெழுத்து தேவையே இல்லை. நடைமுறையில் கேட்கிறார்கள், தெரியும். ஆனால் விதியில் இல்லை.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இந்தியா முழுவதும் சேர்த்து 37.9. ஆண்கள் செய்துகொண்டது நம் மாநிலத்தில் 0.1 சதவீதம். ஆயிரம் தம்பதிக்கு ஒருவர்! ஆண்களுக்கான ஆபரேஷனில் தையல்கூடக் கிடையாது, அன்றே வீட்டுக்கு வரலாம். மூன்று மாதம்வரை ஆணுறை போட்டு, விந்துப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டால் போதும்.

நான் கணவரிடம் கேட்டேன். மூட்டை தூக்க முடியாமல் போய்விடும் என்றார். யார் சொன்னது என்றால் அவருடைய அப்பா. நெருக்கடி நிலைக் காலத்தில் ஊர் ஊராக ஆண்களைப் பிடித்துப்போய்ச் செய்தார்களே, அந்தப் பயம் பிள்ளைகளுக்கும் இறங்கியிருக்கிறது. அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயத்தின் பாரம் முழுக்க அதற்கப்புறம் பெண்கள் தலையில் வந்து விழுந்தது. 2014இல் சத்தீஸ்கர் பிலாஸ்பூர் பக்கத்தில் ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குச் செய்தார்கள். அந்த வாரத்தில் நடந்த முகாம்களில் செய்துகொண்ட பதின்மூன்று பெண்கள் இறந்துபோனார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, மூன்று வருடத்துக்குள் இந்த முகாம் முறையை நிறுத்தச் சொன்னது.

பெரியம்மா வேலையில் சேர்ந்தபோது வருடத்துக்கு இத்தனை "கேஸ்" என்று இலக்கு உண்டு. மார்ச் வந்தால் தூக்கம் போய்விடுமாம். 1996இல்தான் அந்த இலக்கு முறையை எடுத்தார்கள். "அதுக்கு முன்னாடி நான் பொம்பளைங்க முகத்தைப் பார்க்கல, நம்பரைத்தான் பார்த்தேன்" என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடுகிறது.

சுவரில் சிவப்பு முக்கோணம் போட்டு "நாம் இருவர் நமக்கு இருவர்" என்று எழுதியதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அதில் கணக்குதான் இருக்கிறது. பெரியார் 1930களில் குடிஅரசு இதழில் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதியபோது, மற்றவர்கள் நாட்டு வறுமைக்காகக் கேட்கிறார்கள், நாம் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறோம் என்று பிரித்துச் சொன்னார். அந்த வித்தியாசம் இன்னும் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

9 ஜூலை 2023

மேலே எழுதியதைப் படித்துவிட்டு "அப்போ ஆபரேஷனே வேண்டாம் என்கிறீர்களா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை. என் அக்கா அவளே கேட்டுச் செய்துகொண்டாள், நிம்மதியாக இருக்கிறாள். நிரந்தரம் என்பதைத் தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இதைச் சொல்லும்போது சுனாமி ஞாபகம் வருகிறது. 2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் போனார்கள், அதில் பிள்ளைகள்தான் எத்தனை. கரையோர மீனவக் குடும்பங்களில் இரண்டாவது, மூன்றாவதோடு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் நிறைய. ஒரே காலையில் எல்லாப் பிள்ளைகளையும் கடல் கொண்டுபோனது. குழாயைத் திரும்ப இணைக்கும் அறுவை சிகிச்சையை இலவசமாகச் செய்வதாக அரசு அறிவித்தது. பெரியம்மா இரண்டு பெண்களை அழைத்துப்போனார். இரண்டு பேருக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னதும் அவர்தான், அதற்கு அழைத்துப்போனதும் அவர்தான். ஒருத்திக்கு 2007இல் பெண் பிள்ளை பிறந்தது. இன்னொருத்திக்குத் தங்கவே இல்லை. திரும்ப இணைத்தாலும் எல்லோருக்கும் பலிப்பதில்லை.

அந்த இரண்டாவது பெண் இன்றைக்கும் பெரியம்மா வீட்டுக்குக் கருவாடு கொண்டுவந்து கொடுக்கிறார். காசு வாங்க மாட்டார். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

10 ஜூலை 2023

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு யாரும் பயப்பட வேண்டாம். இரண்டு பிள்ளைக்கும் நடுவில் இடைவெளி வேண்டும் என்பதுதான் இந்த இழையின் பேச்சு. ஒரு பிரசவத்துக்கு அப்புறம் இரண்டு வருடமாவது கழித்து அடுத்த கர்ப்பம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

26 ஜூலை 2023

ஒரு யோசனை, கொஞ்ச நாளாக மனதில் ஓடுகிறது. பிறந்த பிள்ளைக்குத் தடுப்பூசி ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம், அப்புறம் ஒன்பதாம் மாதம். நாலு தடவை தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளாகவே வருகிறாள், ஆள் விட்டு அழைக்க வேண்டியதில்லை. ஆறாவது வாரம் காப்பர் டி வைக்கலாம், ஊசி போடலாம், காப்பர் டி ஏற்கெனவே வைத்திருந்தால் அதன் முனையில் இருக்கும் நூல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கலாம். எல்லாம் அந்த ஒரு நாளில் முடியும். ஆனால் அன்றைக்கு எல்லோரும் பிள்ளையின் தொடையைத்தான் பார்க்கிறோம். தாயிடம் "உனக்கு எப்படிம்மா இருக்கு?" என்று ஒரு வார்த்தை இல்லை.

அன்று நர்சம்மா என் டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்க்கக் கேட்டாரே, அவரைப் பற்றி ஜூன் 22ஆம் தேதிக் குறிப்பில் ஒரு நல்ல வார்த்தை எழுதாமல் விட்டுவிட்டேன். அந்தக் கூட்டத்திலும் அவர் கேட்டார்.

18 ஆகஸ்ட் 2023

கேள்வி கேட்ட தங்கை தனியாக எழுதியிருந்தார், இங்கே சொல்லலாம் என்றார். நர்சம்மாவைப் போய்ப் பார்த்திருக்கிறார். முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துவிட்டு சாயா கொடுத்திருக்கிறார்கள். புகுந்த வீட்டில் மாத்திரை அட்டையை எங்கே வைப்பது என்று குழம்பி, அரிசி டப்பாவில் வைத்தாராம். கணவரே பார்த்துவிட்டு என்னவென்று கேட்க, சொல்லியிருக்கிறார். இப்போது காலண்டர் தாளை மடிப்பது அவர்தானாம்.

3 செப்டம்பர் 2023

என் கூடப்பிறந்த தங்கைக்கு ஏழாம் மாதம், நேற்று வளைகாப்பு. புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் என்று கிளறி முடித்துவிட்டு, பெண்கள் எல்லோரும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். பிரசவத்தைப் பற்றிப் பேசாத பேச்சில்லை. எந்த எண்ணெய், எந்தப் பத்தியம், சுறாப்புட்டு எத்தனையாம் நாள் என்று ஆளுக்கு ஒன்று. பிரசவத்துக்கு அப்புறம் என்ன என்று மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நானும் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் எப்படி ஆரம்பிப்பது என்று தயங்கிக்கொண்டிருந்தேன்.

பெரியம்மாதான் ஆரம்பித்தார். வெளியே பந்தி விசாரித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "நீங்களும் கேளுங்க தம்பி" என்று நிலைப்படியில் உட்கார வைத்தார். காப்பர் டி என்றால் எவ்வளவு பெரியது என்று காட்ட, ஒரு ஈர்க்குச்சியைக் கிள்ளி, குறுக்கே இன்னொரு துண்டை வைத்துக் கட்டைவிரல் நீளத்துக்குப் பிடித்தார். கை நிறைய வளையலோடு தங்கை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அந்த நூல் குத்துமா பெரியம்மா?" என்று கேட்டாள்.

"குத்தாது. வேணாம்னு தோணினா எப்ப வேணாலும் எடுத்துக்கலாம். இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, யோசிச்சுச் சொல்லு."

தங்கை அந்த ஈர்க்குச்சியைத் தூக்கிப் போடவில்லை. முந்தானை முடிச்சில் வைத்துக்கொண்டாள்.